புட்டி கழுவுவோருக்கு

காஞ்சியில் பல்லவர் கல்லில் ஒரு கீறல் விழுந்தால் கொதிக்கும் நாம், பிள்ளையார்பாளையத்தில் பழைய நெசவாளர் வீடொன்று இடிபட்டுப் புழக்கடைக் குப்பை தோண்டப்படுகையில் வாளாவிருக்கிறோம். மைப்புட்டியோ கோலி சோடாப் புட்டியோ அகப்பட்டால், புட்டி சேர்க்கும் நண்பர்கள் மண்ணைக் கழுவி அலமாரியில் அடுக்குகிறார்கள். அதைப் பாதுகாப்பு என்றும் அழைக்கிறார்கள். அழிப்பு என்கிறோம் நாம்.

கோலிப் புட்டிக்கு 1872இல் காப்புரிமை பெற்றவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர். உள்ளிருக்கும் வாயுவே கோலியை ரப்பர் வளையத்தில் அழுத்தி வாயை மூடும். (கோலிக்காகப் புட்டியை உடைக்காத சிறுவர் உண்டா!) இவையெல்லாம் நூல்களில் கிடைக்கும். அது எவ்வளவு ஆழத்தில், எந்த ஓட்டுச் சில்லோடு, எந்த ஆண்டின் காசோடு கிடந்தது என்பதோ கழுவிய நீரோடு போயிற்று.

கச்சிப்பேட்டுப் பட்டசாலியரை உத்தம சோழன் செப்பேடு பேசுகிறது. நூறாண்டுக்கு முன் தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்தவர் என்ன வாங்கினார், எதைக் குடித்தார் என்று சொல்லச் செப்பேடு ஏது? அந்தக் குப்பைதான் இருந்தது.

நூறாண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தொல்பொருள் என்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம். காஞ்சியிலேயே அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. அலமாரி நண்பர்கள் ஒருமுறையேனும் அதன் படியேறியதுண்டா?