பழைய ஸ்பீக்கரை எடைக்குப் போடலாமா?

“பாட்டு தெளிவாக இல்லை. பெட்டி பழசாகிவிட்டது. எடைக்குப் போட்டுவிடலாம்!”

பழைய ஸ்பீக்கர் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால் இது அவசரத் தீர்ப்பு.

தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள மீன்பிடி ஊர் தருவைகுளம். அங்கே ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 1980-களில் செய்த ஒரு ஜோடி ஜப்பான் ஸ்பீக்கரைத் தகப்பனார் பழைய விலைக்கு வாங்கி வருகிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாட்டு வைக்கிறார். தவில் கேட்கிறது, ஜால்ரா கேட்கவில்லை. பாடுகிறவர் போர்வைக்குள் இருந்து பாடுவதுபோல் இருக்கிறது.

“காசைக் கடலில் போட்டுவிட்டீர்களே!” என்கிறாள் மனைவி.

காசு கடலில் போய்விட்டதா? இல்லை. பெரும்பாலும் கோளாறு ஒரு சின்னச் சாமானில்தான் இருக்கும்.

ஓசையைப் பிரிக்கும் வலை

பெட்டிக்குள் பெரிய ஸ்பீக்கர் ஒன்று உண்டு. கனத்த ஓசை அதன் வேலை. பெயர் ஊபர். சின்ன ஸ்பீக்கர் இன்னொன்று. கூர்மையான ஓசை அதன் வேலை. பெயர் ட்வீட்டர். எந்த ஓசை எதற்குப் போகவேண்டும் என்று பிரித்து அனுப்புவதுதான் ‘கிராஸ் ஓவர்’. கண்டன்சர், கம்பிச் சுருள் முதலியவை சேர்ந்தது அது. விலை குறைந்த பெட்டிகளில் ட்வீட்டருக்கு ஒரே ஒரு கண்டன்சர் மட்டும் இருக்கும்.

வலையின் கண் அளவு மாறினால், அகப்படும் மீனும் மாறும் அல்லவா? கண்டன்சரும் அப்படித்தான். 8 ஓம் ட்வீட்டருக்கு 4 மைக்ரோபாரட் கண்டன்சர் போட்டால், வினாடிக்குச் சுமார் 5,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஓசை தாராளமாகப் போகும். 2 மைக்ரோபாரட் போட்டால், அந்த எல்லை 10,000-க்கு ஏறிவிடும்.

பழைய கண்டன்சர்கள் பலவற்றின் உள்ளே ரசாயன ஈரம் உண்டு. 30, 40 வருஷங்களில் அது உலர்ந்து போகலாம். உலர்ந்தால் அளவு மாறும், தடை கூடும், கூர்மையான ஓசை மங்கும். போதாததற்கு, கடற்கரையின் உப்புக்காற்று ஈயப்பற்றுகளை அரிக்கும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் இடது, வலது பெட்டிகளின் கம்பிகளை மாற்றிப் பாருங்கள். கம்பியை மாற்றியும் மங்கல் அதே பெட்டியில் நின்றால், கோளாறு பெட்டியில் இருக்கிறது. பிறகு ட்வீட்டரை மீட்டர் வைத்துச் சோதிக்க வேண்டும். அதன் சுருள் அறுந்திருந்தால் கண்டன்சரை மாற்றிப் பயனில்லை.

ட்வீட்டர் நன்றாக இருந்தால், பழைய கண்டன்சர் மீது எழுதியுள்ள எண்ணைப் பாருங்கள். அதே மைக்ரோபாரட் அளவில் பிளாஸ்டிக் பிலிம் கண்டன்சர் வாங்குங்கள். வோல்ட் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. கூட்டல், கழித்தல் குறியுள்ள சாதாரண கண்டன்சர் கூடாது. இரண்டு பெட்டிகளிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். செம்புக் கம்பிச் சுருள் எளிதில் கெடாது. அதைத் தொட வேண்டாம். சாதாரண பெட்டிக்கு ஆகும் செலவு, ஒரு கிலோ சீலா மீன் விலைகூட வராது!

ஆடம்பரம் வேண்டாம்

“இன்னும் உசத்தியாகச் செய்து தருகிறேன்” என்று, ஆயிரக்கணக்கில் விலையுள்ள கண்டன்சர்களை மாட்டச் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டாயிரம் ரூபாய் பெட்டிக்கு ஐயாயிரம் ரூபாய் கண்டன்சரா? அளவையும் இஷ்டம்போல் மாற்றினால், உள்ள சங்கீதமும் கெடும்.

லண்டன் பி.பி.சி. நிறுவனம் 1970-களில் தன் வேலைக்காக ‘எல்.எஸ். 3/5ஏ’ என்ற சிறிய ஸ்பீக்கரை உருவாக்கியது. 1980-களின் பிற்பகுதியில் அதன் ஊபரின் தன்மை மாறியபோது, கிராஸ் ஓவரையும் அளந்து பார்த்துப் புதிதாக அமைத்தார்கள். ஸ்பீக்கரும் கிராஸ் ஓவரும் ஜோடிப் பொருத்தம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வலை கிழிந்தால் யாரும் படகை விற்பதில்லை. கிழிந்த இடத்தை அதே கண் அளவில் முடிகிறார்கள். பழைய ஸ்பீக்கருக்கும் அந்த நியாயம்தான். மறுபடி ஜால்ரா ஒலிக்கும்போது, அந்த மனைவியின் முகமும் மலரும்!