"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"இத்தனை நாள் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே? அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று அம்மா கேட்டாள். கேட்டது நாலரை வயதுப் பேத்தியை.

கும்மிடிப்பூண்டியில் என் அக்கா வீடு. அவள் மகள் எல்.கே.ஜி. சேர்ந்து மூன்று மாதமாகியிருந்தது. அதற்குமுன் ஒன்றரை வருடம் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தலைக்குக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. குழந்தை அலறவில்லை, அழவில்லை. மூலையில் இருந்த வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "சோத்தைத் துப்பினா ஆயா உள்ள விட்டுத் தாப்பா போட்டுடுவாங்க சித்தி. நான் இப்படித்தான் உக்காந்துக்குவேன்" என்றாள். இதை நான் கூடத்தில் வந்து சொன்னபோதுதான் அம்மாவின் அந்தக் கேள்வி வந்தது.

உண்மையென்றால் அன்றைக்கே சொல்லியிருக்கும், ஆறு மாதம் கழித்துச் சொன்னால் கதை, இல்லையென்றால் யாரோ சொல்லிக்கொடுத்தது. நம் வீடுகளில் இது ஏறக்குறைய சட்டமாகவே இருக்கிறது. படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இல்லை. இந்த நம்பிக்கை தவறு. குழந்தையின் வாயை அடைக்கிற தவறு.

மூன்று வயதில் அது அநியாயம் என்றே குழந்தைக்குத் தெரியாது. பால் கொடுப்பது, தூங்க வைப்பது, தாழ்ப்பாள் போடுவது எல்லாம் அந்த இடத்து வழக்கம் என்றுதான் நினைத்திருக்கும். தெரிந்தாலும் என்ன செய்யும்? மறுநாள் காலை அதே ஆயாவின் கையில்தானே கொண்டுபோய் ஒப்படைக்கிறோம்! இனி அங்கே போகவேண்டியதில்லை என்று மனசுக்கு உறுதியான பிறகுதான் வாய் திறக்கிறது. நாம் சந்தேகப்படுகிற அந்தத் தாமதம், குழந்தை இப்போது பத்திரமாக உணர்கிறது என்பதற்கு அடையாளம். சொல்லாமலே போகிறவர்கள்தான் அதிகம். மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் அதை எவரிடமும் சொன்னதில்லை. கொடுமை செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பியவர்கள்.

பழியைக் குழந்தைமேல் போடுவது வீட்டோடு நிற்பதுமில்லை. 2025 பிப்ரவரியில் சீர்காழிப் பக்கம் அங்கன்வாடிக்குப் போகும் மூன்றரை வயதுக் குழந்தை தாக்கப்பட்டது. அதன் நடத்தையும் காரணமாக இருந்திருக்கலாம் என்ற பொருளில் மேடையில் பேசியவர் மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர். எதிர்ப்புக் கிளம்பி அவரை இடமாற்றம் செய்தார்கள். அந்தப் பேச்சைத் தினம் தினம் பேசும் நம் வீட்டுப் பெரியவர்களை யார் தட்டிக் கேட்பது?

எங்கள் பகுதியிலேயே ஒன்றைப் பார்த்தோம். 2025 ஜூலையில் ஆரம்பாக்கம் அருகே, பள்ளி முடிந்து பாட்டி வீட்டுக்கு நடந்துபோன சிறுமிக்கு நேர்ந்த கொடுமைக்கு ஊரே கொதித்தது. கொதித்தது சரி. அங்கே கேமராக் காட்சி இருந்தது, முகம் தெரியாத ஒருவன் இருந்தான். தெரிந்த இடம், தெரிந்த ஆயா, கேமரா இல்லாத குளியலறை என்றால் மட்டும் "புள்ள ஏதோ உளறுது" என்கிறோம்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அக்கா முகத்தில் பார்த்தேன். சிப்காட்டில் முதல் ஷிப்ட். விடியுமுன் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்துவிடும். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டு, டிபன் டப்பாவையும் மாற்றுத்துணியையும் பையில் திணித்துக் காப்பக வாசலில் விட்டு ஓடிய ஒன்றரை வருடம் அது. மகள் சொல்வதை நம்பினால், அந்த ஒவ்வொரு காலையும் அவளுக்கு எதிராகத் திரும்பும். நம்பாமல் இருந்துவிடுவது எளிது. ஆனால் குற்றம் அவளுடையதா? முப்பது பெண்களுக்கு மேல் வேலைபார்க்கும் ஆலையில் குழந்தைகள் காப்பறை வேண்டும் என்றது 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம். ஐம்பது பேர் இருந்தாலே காப்பகம் கட்டாயம், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம். அக்காவுக்கு அப்படியொரு கதவு திறந்திருந்தால் பிள்ளையை வேறெங்கோ ஒப்படைத்துவிட்டு ஓடியிருக்க மாட்டாள்.

நீதிமன்றம் நம்மைவிடப் பொறுமையாகக் கேட்கிறது. சாட்சி சொல்லக் குறைந்தபட்ச வயது என்று எதுவும் கிடையாது என்று 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் மறுபடி சொன்னது. மத்தியப்பிரதேசத்தில் தாய் கொல்லப்பட்டதைப் பார்த்த ஏழு வயதுச் சிறுமியின் சாட்சியம் அது. போலீஸ் அவள் வாக்குமூலத்தைத் தாமதமாகப் பதிவு செய்ததற்காக அவள் சொன்னதைத் தள்ள முடியாது என்றார்கள். சொல்லிக்கொடுத்த சாட்சியா என்பதைத் தனியாகச் சோதிக்கச் சொன்னார்கள். குழந்தைகள்மீதான பாலியல் குற்றத்தைப் போக்சோ சட்டத்தின்கீழ் பல வருடம் கழித்தும் புகார் செய்யலாம் என்று 2018-இல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. அடித்தல், அடைத்துவைத்தல் போன்றவற்றைக் காப்பக ஊழியரே செய்தால் 2015-இன் சிறார் நீதிச் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

நம்புவது என்றால் துருவுவது ஆகாது. 1983-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளிமேல் புகார் எழுந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளை உட்காரவைத்து, மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நீயும் சொல் என்று குடைந்தார்கள். குழந்தைகள் சுரங்கப்பாதை வரைக்கும் கதை சொன்னார்கள். 1990-இல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் வழக்கு முடிந்தது. பிள்ளைகள் பொய் சொல்வார்கள் என்பதற்கு அதை உதாரணம் காட்டுகிறார்கள். என் கண்ணுக்கு அங்கே தெரிவது பெரியவர்கள் கேட்ட விதம்தான். "ஆயா அடிச்சாங்களா?" என்று கேட்டால் பதிலை நாமே ஊட்டிவிடுகிறோம். "அப்புறம்?" என்று கேட்டால் போதும்.

அக்கா அதைத்தான் கேட்டாள், ஒரே ஒரு தடவை. குழந்தை சொன்னதை அதே சொற்களில், வாளி உட்பட, தேதி போட்டு நோட்டில் எழுதினாள். போனில் வீடியோ எடுக்கவில்லை. குழந்தையை இழுத்துக்கொண்டு ஆயா முன்னால் நிறுத்தவுமில்லை. மறுநாள் பஸ்ஸில், அதே காப்பகத்தில் மகனை விட்டிருந்த ஒரு பெண்ணிடம், "உங்க பையன் அங்க எப்படி இருந்தான்?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்பவும் பாத்ரூமுக்குத் தனியா போகமாட்டான்க்கா" என்றாள். அந்த வாரமே இருவரும் அரைநாள் லீவு போட்டு, திருவள்ளூரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு மனு எடுத்துக்கொண்டு போனார்கள்.