இடுப்பு வலி சிலுவையல்ல



இந்த வாரம் இடுப்பு வலியைக் குறித்து எழுதுகிறேன். தியானப் பகுதியில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீடு சந்திக்கச் செல்லும்போது, 60 வயதைத் தாண்டியவர்களிடம் ஜெபக்குறிப்பு கேட்டால் மகனுடைய வேலையையும் பேத்தியின் படிப்பையும்தான் முதலில் சொல்லுவார்கள். நான் புறப்பட எழும்பும்போதுதான், "ஐயா, இந்த இடுப்புக்கும் காலுக்கும் ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க" என்று மெல்லிய குரலில் சொல்லுவார்கள், கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டதுபோல.

இவர்கள் யார்? நூற்பு மில்லில் ஷிப்டு ஷிப்டாக நின்றே வேலை செய்தவர்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியோடு வாழ்ந்தவர்கள். பால்கோவாச் சட்டியின் முன் விறகடுப்புச் சூட்டில் குனிந்து கிண்டியவர்கள். நாற்று நட்டவர்கள், மாந்தோப்பில் கூடை சுமந்தவர்கள். நமது ஆலயக் கட்டுமானத்துக்குக் காணிக்கை கொடுத்ததும் இந்த முதுகுகள்தான். இன்று அவர்களுக்கு நாம் கொடுக்கும் பதில், "வயசானா அப்படித்தான்."

இந்தப் பதிலை நான் எதிர்க்கிறேன். இதைவிட வன்மையாக எதிர்ப்பது, இதற்குப் பக்தி உடை உடுத்தி விடுவதை. "இது கர்த்தர் தந்த சிலுவை, சுமந்துதான் ஆகவேண்டும்" என்று சொல்லுகிறார்கள். சிலுவை என்பது அவரைப் பின்பற்றுவதினால் ஒருவன் தானே தன் தோளில் எடுத்துக்கொள்வது. முதுகெலும்பின் துவாரம் குறுகி நரம்பை நெருக்குவதை எந்த வேதபாடமும் சிலுவை என்று சொல்லவில்லை. பவுலின் மாம்சத்திலிருந்த முள்ளை எடுத்துக்காட்டுவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: பவுல் அதைப் பேசாமல் பொறுத்துக்கொள்ளவில்லை. நீங்கும்படி மூன்று தரம் வேண்டினார். அவரோடிருந்த லூக்கா ஒரு வைத்தியன்.

மறுபுறத்தில் சுகமளிக்கும் கூட்டங்களின் சத்தம். கைத்தடியை எறி, மாத்திரையை நிறுத்து, விசுவாசம் இருந்தால் நட என்கிறார்கள். வலி திரும்பி வந்தால் குற்றம் அந்த மூதாட்டியின் விசுவாசத்தின்மேல் விழுகிறது. லூக்கா 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 18 வருஷம் நிமிர முடியாதிருந்த ஸ்திரீயிடம் இயேசு விசுவாசத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் தன்னைக் குணமாக்கும்படி கேட்டதாகவும் அங்கே எழுதப்படவில்லை. அவளைக் கண்டார், அழைத்தார், கைகளை வைத்தார். கோபப்பட்டவன் ஜெப ஆலயத் தலைவன் ஒருவனே. ஓய்வுநாளில் கட்டவிழ்த்துத் தண்ணீருக்குக் கொண்டுபோகப்படும் மாட்டுக்கு இருக்கும் உரிமைகூட அவளுக்கு இல்லையா என்று ஆண்டவர் அவனைத்தான் கேட்டார். கைத்தடியை இகழுவோர் யாக்கோபையும் நினைக்கட்டும். தொடைச்சந்து சுளுக்கி நொண்டி நடந்தவன் அவன். முதிர்வயதில் கோலின்மேல் சாய்ந்து தொழுதுகொண்டான் என்று எபிரெயர் நிருபம் அதை அவனுடைய விசுவாசத்தின் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறது.

இனி வைத்தியத்தின் பெயரால் நடப்பதைப் பார்ப்போம். "ஒரு ஊசி போட்டால் பத்து நாளைக்குத் தாங்கும்" என்ற பேச்சு நம் தெருக்களில் சாதாரணம். சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். நம் முதியோரில் பலருக்குச் சர்க்கரையும் அழுத்தமும் ஏற்கெனவே உண்டு. பெயர் சொல்லாமல் பொட்டலத்தில் மடித்துத் தரும் மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்குமானால், வலி குறைவதுபோல் தோன்றும்போதே எலும்பு கரையும், சர்க்கரை ஏறும். நெடுநாள் தின்ற பின் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

இன்னொரு பயம் ஸ்கேன். "டிஸ்க் தேய்ந்துவிட்டது" என்ற ஒரு வரியை வாசித்துவிட்டுக் கட்டிலைவிட்டு இறங்க அஞ்சுகிறவர்களைப் பார்க்கிறேன். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்தாலும் 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்வு காணப்படுகிறது. தேய்வு நரைமுடியைப் போன்றது. அதுவே வலிக்குக் காரணம் என்று படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வேறொரு நோயின் அறிகுறியாக இல்லாத நாட்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய சரியான விளக்கம், மனத்துக்கான ஆதரவு ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டும் இழுவை வைத்தியமும் வழக்கமாகக் கொடுக்கத்தக்கவை அல்ல என்கிறது. படுத்தே கிடந்தால் தசை இளைக்கும், வலி நிலைக்கும். மெல்ல நடப்பதே நல்லது.

எல்லா வலியும் ஒன்றல்ல என்பதையும் குடும்பத்தார் அறியவேண்டும். ஒருவர் நூறு அடி நடந்தால் கால் மரத்து வலிக்கிறது என்று உட்காருகிறார். ஆனால் சைக்கிளில் கடைத்தெருவரை போய்வருகிறார். "கோயிலுக்கு நடக்க வலி, சைக்கிள் மிதிக்க வலி இல்லையாக்கும்!" என்று மருமகனே கேலி செய்வான். அவர் நடிக்கவில்லை. முதுகுத்தண்டின் துவாரம் குறுகியவர்களுக்கு நிமிர்ந்து நடந்தால் நரம்பு நெருங்கும், முன்னே குனிந்தால் இடம் விடும். ஆகவே சைக்கிள் எளிது, நடை கடினம். உட்காராமல் வெறுமனே நின்றாலே கால்வலி விட்டுவிடுகிறதென்றால், குறிப்பாகச் சர்க்கரை உள்ளவருக்கும் புகைபிடித்தவருக்கும், இரத்தக் குழாய் அடைப்பாகவும் இருக்கலாம்.

சில அடையாளங்களுக்குக் காத்திருக்கவே கூடாது. சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போதல் அல்லது சிறுநீர் இறங்காமல் நின்றுபோதல், உட்காரும் இடம் மரத்துப்போதல், கால் பலமிழந்து துவளுதல் — இவற்றுக்கு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். காய்ச்சல், எடை குறைதல், படுத்தாலும் தீராத இராவலி, சிறு விழுகைக்குப்பின் கடுமையான வலி இருந்தாலும் தாமதம் கூடாது. முதுகெலும்பில் காசநோய் வருவது நம் நாட்டில் அரிதல்ல.

அரசு 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், வெளியே வர இயலாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உண்டு. அழுத்த மாத்திரை வீடு வருவதை அறிந்த நம் சபையாரில் இதை அறிந்தவர் மிகச் சிலரே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், அல்லது 104ஐ அழையுங்கள். வாலிபர் சங்கத்தார் தங்கள் தெருவிலுள்ள முதியோரின் பெயர்களை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்த வருஷத்து வேதாகம வினாடி வினாவைவிட அது மேலான ஊழியமாயிருக்கும்.

கடைசியாக நமது ஆலயம். வாசலில் கைப்பிடி இல்லாத படிகள். உள்ளே சாய்மானமில்லாத பெஞ்சுகள். எழும்புங்கள், உட்காருங்கள், முழங்காற்படியிடுங்கள் என்று இரண்டரை மணி நேர ஆராதனை. பிறகு, மூத்தவர்கள் ஏன் வருவதில்லை என்று கேட்கிறோம்! சென்ற வருஷம் தரைக்குப் புதுக் கிரானைட் போட்டோம். மழைநாளில் அதில் வழுக்காமல் நடப்பது வாலிபருக்கே கஷ்டம்.

ஆகவே சபைக் கமிட்டியின் அடுத்த கூட்டத்துக்கு மூன்று காரியங்களை எழுத்துமூலமாய் வைக்கிறேன்: படிகளுக்கு இருபுறமும் கைப்பிடி, முன்வரிசை இரண்டிலும் கைச்சாய்வுள்ள நாற்காலிகள், முழங்காற்படியிட முடியாதவர்களுக்குத் திருவிருந்தை அவர்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தல். முன்வரிசை விருந்தினருக்குரியது, அழகு கெடும் என்று ஆட்சேபிக்கிறவர்கள் அன்று தவறாமல் வரவேண்டுகிறேன். லூக்கா 13ஐ வாசித்துவிட்டு வாருங்கள்; அங்கே உட்கார்ந்து பேசுவோம்.