படிக்க இயலா எழுத்துகள்

அருவ ஓவியத்தின் முன் நிற்பவர் நாவில் முதலில் எழும் சொல் 'புரியவில்லை' என்பதே. தமிழ்த்துறையார்க்கு இவ்விடர் பிறரினும் சற்று மிகுதி எனலாம். எச்செய்யுளைக் கண்டாலும் பதவுரை, பொழிப்புரை எனத் தேடிப் பழகிய நமக்கு, உரையாசிரியர் எவரும் துணைவாராத சட்டகத்தின் முன் நிற்பது எளிதன்று.

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டல ஓவியர் கிராமத்தின் அருங்காட்சியகத்தில் இதனை நன்கு உணர்ந்தோம். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியால் 1966ஆம் ஆண்டு தோன்றியது அக்கிராமம். பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் ஓவியர்கள் தாமே நிலம் வாங்கிக் குடியேறினர் என்பது, பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற நம் விருத்தாசலத்தார் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி. அருங்காட்சியகம் 2009இல் திறக்கப்பெற்றது.

பணிக்கர் 1963 முதல் வரையத் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசை பெரும்புகழ் வாய்ந்தது. மாணவன் ஒருவனின் கணக்குக் குறிப்பேடே அவருக்குத் தூண்டுதலாயிற்று. (கணக்குக் குறிப்பேட்டைக் கண்டு அஞ்சும் நம் மாணவர்கள் இதனைக் கருதுக!) எண்கள், சாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், மலையாள எழுத்தின் சாயலில் நெருக்கமாய் ஓடும் வரிகள். அருகிற் சென்று படிக்க முயன்றோம். ஒரு சொல்லும் கூடவில்லை. எழுத்தையே தொழிலாகக் கொண்ட நமக்குச் சினங்கூட எழுந்தது.

இரண்டடி பின்வாங்கி நின்றபோது நினைவில் வந்தது பாட்டியார் மரப்பெட்டியில் விட்டுச்சென்ற அரபுத்தமிழ் ஏடு. அதன் மொழி நம் தாய்மொழி. அதன் எழுத்து நாம் சிறுவயதில் ஓதப் பழகிய எழுத்து. ஆயினும், தமிழ் ஒலிகளுக்கெனப் புதிதாய்ப் புள்ளியிட்டுச் சேர்த்த எழுத்துகளில் தடுக்கி, பக்கத்திற்குச் சில சொற்களே நமக்குக் கூடுகின்றன. பாட்டியார் அதனைத் தொழுகைக்குப்பின் ஒரு தடையுமின்றி வாசிப்பார். பணிக்கரின் வரிகளுக்கு முன் நாம் அடைந்தது அவ்வேட்டின் முன் அடையும் துயரமே என்று தெளிந்தோம்.

இது பணிக்கர் கருதிய பொருளன்று. அவ்வாறாயின் எவரும் எதுவும் சொல்லலாமே என்று நண்பர் ஒருவர் வினவினார். சொல்லலாகாது என்பதே நம் கருத்து. கடல் நினைவு வந்தது என்பார், எந்த வண்ணம் அல்லது எந்தக் கோடு அந்நினைவைத் தந்தது எனச் சுட்ட வேண்டும். நமக்கு அந்த ஏட்டை நினைவூட்டியது வரிகளின் நெருக்கமும், ஓரம் விடாமல் எழுதிய சிக்கனமும். பாட்டுக்கு நயம் கூறுவார் சொல்லைச் சுட்டுவது போன்றதே இதுவும்.

ஓவியம் நமக்குரியதன்று எனக் கருதும் பெரியோர் நம்மிடையே உண்டு. மார்க்க ஆய்வு ஈண்டு நம் நோக்கமன்று. ஆயினும் இவ்வகை ஓவியங்களில் உயிர்களின் உருவம் இல்லை. மிஹ்ராபின் மேல் பின்னலாய் அமைந்த கூஃபி எழுத்தைப் படிக்க வல்லார் சிலரே. கண் அங்குத் தங்காதார் எவர்? அக்கிராமத்திலேயே வாழ்ந்து 1990இல் மறைந்த ஜே. சுல்தான் அலியும் தம் ஓவியங்களில் எழுத்தை ஊடுபாவாய் அமைத்தவரே. நம் ஊர்ச் சூளையிலிருந்து வெளிவரும் கலத்தின் மேல் மெருகு வழிந்துள்ள விதம் கண்டே தீயின் பக்குவம் உரைக்கும் தொழிலாளரிடம் பொழிப்புரை கேட்பார் யாருமிலர்.

ஆண்டுதோறும் மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா செல்லும் துறைகள் பல. கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே உள்ளது ஈஞ்சம்பாக்கம். அடுத்த முறை பேருந்தை அங்கு ஒரு மணிநேரம் நிறுத்தலாம். ஆசிரியர் விளக்கம் எதுவும் கூறாது வாயிலிலேயே நிற்கட்டும். மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஓவியத்தின் முன் நின்று, தோன்றியதையும் அதனைத் தோற்றுவித்த கோட்டையும் பத்து வரியில் எழுதி வரட்டும். அவ்வரிகளை அடுத்த மலரில் வெளியிடத் துறை இடம் ஒதுக்குமாயின், நம் பாட்டியார் ஏட்டின் ஒரு பக்கத்தையும் உடன் அச்சிடத் தருவோம்; படிக்க வல்ல பெரியோர் எவரேனும் முன்வரக்கூடும்.