ஏன் என்று கேட்கட்டும் ஏழாம் வகுப்பு!

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது பெரியநாயக்கன்பாளையம். ஊரின் பெயரைச் சொன்னவுடனே இரண்டு நினைவுகள் எழும். ஒன்று, தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் 1930 இல் தொடங்கி, பின்னர் இவ்வூரில் வேரூன்றி வளர்ந்த இராமகிருஷ்ண வித்தியாலயம். மற்றொன்று, நூற்பாலைகளுக்கு இயந்திரம் செய்ய 1962 இல் தோன்றிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ். ஒரு பக்கம் கரும்பலகை; மறுபக்கம் லேத்துப் பட்டறை. ஏடும் இரும்பும் அடுத்தடுத்து வாழும் ஊர் அது.

இப்படிப்பட்ட ஊரின் பிள்ளைகளுக்கு, உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு, வடிவியல் எப்படிக் கற்பிக்கப்பட வேண்டும்? இதுதான் நாம் இன்று எழுப்பும் கேள்வி. பாடத்திட்டக் குழுவின் அறைக்குள்ளே பேசி முடித்துவிட வேண்டிய சங்கதி இது என்று சிலர் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. பிள்ளை எதை நம்புகிறது, எதற்காக நம்புகிறது என்பதை முடிவு செய்யும் பாடம் இது. ஆகவே நாட்டைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

நம் நாட்டு வகுப்பறைகளில் நடப்பதென்ன? முக்கோணம் ஒன்று வரையச் சொல்கிறார்கள். கோணமானியை வைத்து மூன்று கோணங்களையும் அளந்து கூட்டச் சொல்கிறார்கள். ஒரு பையனுக்கு 178 வருகிறது. பக்கத்துப் பெண்ணுக்கு 181 வருகிறது. பென்சில் முனை தடித்திருக்கலாம். கோணமானி சிறிது நகர்ந்திருக்கலாம். என்ன சொல்லப்படுகிறது அந்தப் பிள்ளைகளுக்கு? “தப்பு. அழித்துவிட்டு 180 என்று எழுது.”

எழுதுகிறார்கள். மதிப்பெண்ணும் வருகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் அன்று கற்றது வடிவியலா? கண்ணால் கண்டதும் கையால் அளந்ததும் பொய். ஏட்டில் அச்சானதே மெய். ஏன் என்று கேட்பது வீண் என்ற பாடத்தையன்றோ கற்றார்கள்! ஆராயக் கற்பிக்க வேண்டிய பாடமே அடங்கிப்போகக் கற்பித்தால், அதைக் கல்வி என்று சொல்ல நாக்கு எழுமா?

ஆசிரியர்களை நாம் குறை கூறவில்லை. அவர்கள் கையில் கொடுக்கப்பட்டிருப்பது அப்படி. தேர்வு கேட்பது விடையை. விடை வந்த வழியை அல்ல. பிறகு அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

சற்றேறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன்னே அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்தவர் யூக்ளிட். ‘மூலங்கள்’ என்று பெயர் பெற்ற 13 தொகுதிகளை அவர் ஆக்கினார். 465 தேற்றங்களும் வரைமுறைகளும் அதில் உண்டு. அவற்றில் பல, அவருக்கு முன்பே பலருக்குத் தெரிந்தவை. அப்படியானால் அவருடைய பெருமை எதில்? அடுக்கிய முறையில்! “இன்னின்ன சொற்களுக்கு இன்னின்ன பொருள், இன்னின்னவற்றைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறோம், மற்ற எதையும் இவற்றிலிருந்து காட்டாமல் ஏற்கமாட்டோம்” என்று முதலிலேயே ஒப்பந்தம் செய்துகொண்டார். முதலில் ஏற்பவை அடிக்கோள்களும் எடுகோள்களும். அவற்றிலிருந்து காட்டப்படுபவை தேற்றங்கள். அவர் எடுத்துக்கொண்ட எடுகோள்கள் ஐந்தே ஐந்து!

இதன் சிறப்பை எண்ணிப் பாருங்கள். அரசன் சொன்னான் என்பதும் அங்கே செல்லாது. ஆசான் சொன்னார் என்பதும் செல்லாது. ஒப்புக்கொண்டது எது, அதிலிருந்து வந்தது எது என்ற இரண்டுக்குத்தான் அங்கே இடம். பன்னிரண்டு வயதுச் சிறுமி எழுந்து நின்று, “ஐயா, மூன்றாவது வரி இரண்டாவது வரியிலிருந்து வரவில்லையே” என்று சொன்னால், சொன்னவள் சிறுமி என்பதற்காக அதைத் தள்ள முடியாது. வயது பாராத, சாதி பாராத, செல்வம் பாராத சபை அது!

முக்கோணத்துக்கே வருவோம். உச்சியின் வழியாக, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரையுங்கள். அடியிலுள்ள இரண்டு கோணங்களும், ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதால், உச்சியிலே இருபுறமும் வந்து அமர்கின்றன. நடுவே உச்சிக்கோணம். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோட்டை நிரப்புகின்றன. நேர்கோட்டின் கோணம் 180. முடிந்தது! நான்கே வரி. வரைந்த முக்கோணத்துக்கு மட்டுமல்ல, இனி எவர் எங்கே வரைந்தாலும், அளக்காமலே, 180. முன்பு 178 கண்ட பையனுக்கு இப்போது தெரிகிறது — பிழை தன் அறிவில் இல்லை, பென்சில் முனையில்தான் என்று. அவன் தானே ஏற்றான், எவரும் திணிக்கவில்லை.

“ஒன்றுவிட்ட கோணங்கள் ஏன் சமம்?” என்று அவன் அடுத்துக் கேட்டால்? கேட்கட்டும்! யூக்ளிட் அதைத் தம் ஐந்தாவது எடுகோளிலிருந்து வருவிக்கிறார். நம் ஏழாம் வகுப்பு அதையே ஏற்றுக்கொண்ட ஒன்றாக வைத்துக்கொண்டால் குற்றமில்லை. “இதை நாம் காட்டவில்லை, இப்போதைக்கு ஏற்றுக்கொள்கிறோம்” என்று ஒளிக்காமல் சொன்னால் போதும். எதை ஏற்றோம், எதைக் காட்டினோம் என்ற வேறுபாடு பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அதுவே இந்தப் பாடத்தின் உயிர்.

ஏற்றது மாறினால் முடிவும் மாறும் என்பதையும் காட்டலாம். ஒரு பந்தை எடுங்கள். வடதுருவத்திலிருந்து நடுக்கோடு வரை, ஒன்றுக்கொன்று 90 பாகை விலகி இரண்டு கோடுகள் இறக்குங்கள். நடுக்கோட்டோடு சேர்ந்து ஒரு முக்கோணம் கிடைக்கும். மூன்று கோணமும் செங்கோணம்! கூடுதல் 270! ஆகவே 180 என்பது மலைமேலிருந்து இறங்கிய கட்டளை அல்ல. சமதளத்தில் நாம் ஏற்றவற்றின் விளைவு. ஐந்தாவது எடுகோளைத் தொட்டுக் கேள்வி கேட்ட லோபசெவ்ஸ்கியும் போயாயும் 1830 ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதிய வடிவியலையே படைத்தார்கள். கேள்வியால் கணிதம் கெடவில்லை, வளர்ந்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தமிழர் பெருமை பேசும் மேடைகளில், போதையனார் பெயரால் ஒரு பாட்டைச் சொல்கிறார்கள். செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, குறுகிய பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் கிடைக்கும் என்பது அதன் கருத்து. பக்கங்கள் 8, 6 என்றால் ஏழும் மூன்றும் பத்து — சரி! 4, 3 என்றால் 5 — சரி! 12, 5 என்றால் 13 — அதுவும் சரி! கைதட்டல் விண்ணைப் பிளக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் 8 என்று வைத்துப் பாருங்கள். ஏழும் நான்கும் 11 என்கிறது கணக்கு. பதினொன்றின் வர்க்கம் 121, வரவேண்டியதோ 128. தவறுகிறதே!

வர்க்கமூலம் தேடாமல் ஏறத்தாழ விடை காண அது கெட்டிக்கார வழி. அந்தப் பெருமையை எவரும் பறிக்க வேண்டாம். ஆனால் மூன்று எடுத்துக்காட்டுகளுக்குப் பொருந்துவதாலேயே ஒன்று தேற்றமாகிவிடாது. நம்முடையது என்பதாலும் ஆகிவிடாது. தமிழின்பால் நமக்குள்ள பற்று யாருக்கும் குறைந்ததல்ல, அதனாலேயே சொல்கிறோம். சோதித்துப் பார்த்து ஏற்கும் பிள்ளையே நாளை தமிழுக்குப் புகழ் சேர்க்கும். கைதட்ட மட்டும் பழகிய பிள்ளை சேர்க்காது.

“சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஏறுமா? மேல்வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்” என்பார்கள். இந்த மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. ஐந்து எடுகோள்களை அச்சடித்துக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னால் ஏறாது. சூத்திர மனப்பாடம் போய் எடுகோள் மனப்பாடம் வந்ததுதான் மிச்சமாகும். 1959 இல் பிரான்சு நாட்டு ருவாயோமோன் மாநாட்டில், “யூக்ளிட் ஒழிக!” என்று முழங்கினார் தியூதொனே என்னும் கணித மேதை. அதையொட்டி எழுந்த ‘புதுக் கணிதம்’ பல நாட்டுப் பள்ளிகளில் புகுந்தது. கணங்களும் குறியீடுகளும் கண்டு பிள்ளைகள் திகைத்தார்கள், பெற்றோர்கள் திகைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்குள் அந்த அலை வடிந்துவிட்டது. பிள்ளையின் படிகளைப் பாராமல் உச்சியிலே கொண்டுபோய் நிறுத்தியதன் பலன் அது.

படிகள் எவை? ஆலந்து நாட்டு ஆசிரியத் தம்பதியர் வான் ஹீலே இருவரும் 1957 இல் தம் ஆய்வேடுகளில் காட்டினார்கள். முதலில் பிள்ளை உருவத்தைக் காண்கிறது. பிறகு அதன் பண்புகளை. பிறகு ஒரு பண்பு இன்னொன்றிலிருந்து வருவதை. அதன் பின்னரே முழு நிறுவலை. ஆறாம் வகுப்பில் மடித்தும் வெட்டியும் வரைந்தும் பார்க்கட்டும். சதுரம் செவ்வகமாகுமா என்று வாதாடட்டும் — வரையறை எதற்கு என்பது அந்த வாதத்திலே விளங்கும். ஏழாம் வகுப்பில் நாலைந்து உண்மைகளை வகுப்பே கூடி ஏற்கட்டும். எட்டாம் வகுப்பில் அவற்றைக்கொண்டு நான்கு வரி, ஆறு வரி நிறுவல்களைக் கட்டட்டும். முழு மாளிகை பிறகு எழும். அடித்தளம் இந்த வயதில்தான் இடப்பட வேண்டும்.

“பட்டறைக்குப் போகிற பிள்ளைக்குத் தேற்றம் எதற்கு?” என்பது இன்னொரு வாதம். இதைத்தான் நாம் கடுமையாக மறுக்கிறோம். வசதி படைத்தவன் பிள்ளைக்குக் காரணம், உழைப்பவன் பிள்ளைக்குச் சூத்திரம் என்று யார் பங்கு பிரித்தது?

வீடு கட்டும் கொத்தனாரைப் பாருங்கள். நூல் பிடித்து ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறிக்கிறார். குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி என்கிறார். பள்ளியில் கற்கும் பிதாகரசு தேற்றம் சொல்வதோ, செங்கோணம் இருந்தால் பக்கங்கள் இப்படி அமையும் என்று. கொத்தனார் செய்வது அதன் மறுதலை: பக்கங்கள் இப்படி அமைந்தால் செங்கோணம் இருக்கும். இரண்டும் ஒன்றா? மழை பெய்தால் மண் நனையும். மண் நனைந்திருப்பதால் மழை பெய்தது என்று சொல்லிவிட முடியுமா? குழாய் உடைந்திருக்கலாமே! ஆகவே மறுதலையைத் தனியே நிறுவ வேண்டும். யூக்ளிட் முதல் தொகுதியின் 47 ஆவதாகத் தேற்றத்தையும், 48 ஆவதாக மறுதலையையும் தனித்தனியே வைத்தார். மூன்று, நாலு பக்கங்களுடன் வேறொரு செங்கோண முக்கோணம் வரைந்தால் அதன் கர்ணம் ஐந்து. மூன்று பக்கங்களும் சமமான முக்கோணங்கள் சர்வசமம். ஆகவே கொத்தனாரின் மூலையும் செங்கோணமே! தந்தையின் கையிலுள்ள அறிவுக்குப் பிள்ளையின் ஏட்டிலே காரணம் கிடைக்கிறது. இதைவிடப் பெரிய பாடம் எது?

பட்டறைக்குள்ளும் வாருங்கள். தட்டையான இரும்புத் தகடு ஒன்றை, வேறொரு தட்டையான தகடு இல்லாமல் எப்படிச் செய்வது? இரண்டைச் செய்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால் போதாது; ஒன்று மேடாகவும் மற்றது பள்ளமாகவும் இருந்துகொண்டே பொருந்தலாம். மூன்று தகடுகள் வேண்டும். முதலாவது மேடு என்றால், அதோடு பொருந்தும் இரண்டாவதும் மூன்றாவதும் பள்ளம். பள்ளமும் பள்ளமும் பொருந்தா. எந்த இரண்டை எடுத்தாலும் பொருந்தும்வரை சுரண்டிச் சுரண்டிச் சரிசெய்தால், மூன்றும் தட்டையே! நுட்பமான இயந்திரத் தொழிலின் அடிப்படை இந்தத் தருக்கம். இதைப் பட்டறைக்காரன் பிள்ளைக்கு எட்டாது என்று சொல்பவர்கள் பட்டறையையும் அறியார், பிள்ளையையும் அறியார்.

தமிழில் முடியுமா என்ற ஐயமும் வேண்டாம். வித்தியாலயத்தில் ஆசிரியப் பணி புரிந்த பெரியசாமித் தூரன் அவர்கள்தான், அவினாசிலிங்கம் அவர்கள் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் வழியே, 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் தமிழுக்குத் தந்தார். க்ஷேத்திர கணிதம் என்று அழைத்த காலம் போய், வடிவியல், தேற்றம், மறுதலை, சர்வசமம் என்று சொற்கள் நிலைபெற்றுவிட்டன. சொல் இருக்கிறது; சொல்லித் தருவதே குறை.

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒன்று: ஆறு முதல் எட்டு வரை ஒவ்வொரு வகுப்பறையிலும் ‘நாம் ஏற்றவை’, ‘நாம் நிறுவியவை’ என்று இரண்டு பட்டியல்கள் சுவரிலே தொங்கட்டும், ஆண்டு முழுதும் வளரட்டும். இரண்டு: தேர்வுத் தாளில், விடையைச் சொல் என்பதோடு, எதிலிருந்து வந்தது சொல் என்ற கேள்வியும் இடம்பெறட்டும், கேட்டால்தான் கற்பிப்பார்கள். மூன்று: நடுநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதற்கென்று பயிற்சியும் நேரமும் கிடைக்கட்டும், பாடத்தின் சுமை குறைந்து ஆழம் கூடட்டும். 2005 ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காக, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். இராமானுஜம் அவர்கள் தலைமையில் அமைந்த குழுவும், சூத்திரச் சுமையை விடக் குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே முதன்மையானது என்றுதான் கூறிற்று. கூறி ஆண்டுகள் பல ஓடிவிட்டன. ஏடு ஏட்டிலே இருக்கிறது; பிள்ளை இன்னும் 178 ஐ அழித்துக்கொண்டிருக்கிறது!

பெற்றோர்களே! இன்று மாலை உங்கள் பிள்ளையைக் கேளுங்கள் — முக்கோணத்தின் கோணங்கள் எத்தனை என்று அல்ல. ஏன் அத்தனை என்று. “புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது” என்று பதில் வந்தால், பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்தப் பதிலோடு பள்ளிக்குச் செல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலே பேசுங்கள். ஏன் என்று கேட்க நம் பிள்ளைகளுக்கு உள்ள உரிமையை நாம் கேட்டுப் பெறாவிட்டால், வேறு யார் பெற்றுத் தருவார்கள்?