வீட்டுக்கு வடகிழக்கே ஒரு யானை

கேமரா வாங்கிய மறுவாரமே மூணாறுக்குக் கிளம்புகிறவர்களை எனக்கு நிறையத் தெரியும். அங்கே தேயிலைத் தோட்டத்து வளைவில் ஏற்கெனவே ஒரு கூட்டம் ட்ரைபாடை ஊன்றி நிற்கும். எல்லோருக்கும் அதே பனி, அதே சரிவு, அதே படம். ஊர் திரும்பியதும் கேமரா பீரோவுக்குள் போனால் அடுத்த லீவுக்குத்தான் வெளியே வரும். "மதுரையில எடுக்க என்ன சார் இருக்கு? வெயிலும் பொட்டலும்தானே" என்பார்கள். யானைமலையை எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்கு அது மேலூர் போகும்போது பஸ் ஜன்னலில் கடந்துபோகும் ஒரு பாறை.

அந்த மலை நகரத்துக்கு வடகிழக்கே படுத்திருக்கிறது. மாட்டுத்தாவணிப் பக்கத்து மொட்டைமாடிகளிலிருந்து நன்றாகத் தெரியும். சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறையும் என்று பள்ளியில் படித்தோம். அச்சுப் பிசகாமல் அப்படி நடப்பது மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஓரிரு நாட்கள்தான். ஜூனில் உதயமும் அஸ்தமனமும் வடக்கே சுமார் 24 டிகிரி விலகிப் போகும். டிசம்பரில் தெற்கே அதே அளவு. இதனால் மாடியில் நிற்பவருக்கு என்ன ஆகிறது என்றால், மார்கழி மாலையில் வெயில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக மலைமேல் விழும். பாறை முழுக்கச் செம்பு நிறம் ஏறும். மேடு பள்ளம் மட்டும் தெரியாது, தட்டையாக இருக்கும். ஆனி மாலையில் அதே வெயில் இடது பக்கமிருந்து சாய்ந்து வரும். அப்போதுதான் யானையின் மத்தகமும் விலாவும் தோல் மடிப்பும் நிழல் கட்டிக்கொண்டு எழும். நிறம் வேண்டுமா, உருவம் வேண்டுமா என்பதைப் பொறுத்து மாதத்தைத் தேர்ந்துகொள்ளலாம். இரண்டு நாள் சுற்றுலாவில் போய் இறங்குகிற ஊரில் இந்த வசதி யாருக்குக் கிடைக்கும்?

வெளிநாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு, சாய்வெயில் மஞ்சளாக விழும் நேரத்தைக் 'கோல்டன் ஹவர்' என்று பேசுகிறோம். லண்டனில் டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரிதான் ஏறும். அங்கே நாள் முழுக்கச் சாய்ந்த ஒளிதான். நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறுகிறது. உதித்து அரை மணி நேரத்துக்குள் அந்த மஞ்சள் தீர்ந்துபோகும். சித்திரை தொடக்கத்தில் மதுரை உச்சிவெயில் நேர்தலைக்கு மேலேயே வந்து நிற்கும், காலுக்கடியில்தான் நிழல். எனவே காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்பது இங்கே செல்லாது. பத்து மணிக்கு மேல் எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஆலமரத்தடிக்குப் போங்கள், அல்லது கருப்பு வெள்ளையில் எடுங்கள். கிரானைட் பாறையும் பனைமரமும் கருப்பு வெள்ளைக்கென்றே படைக்கப்பட்டவை என்பது என் கட்சி.

இன்னொரு புகார் அடிக்கடி காதில் விழும்: "நேரில் அவ்வளவு பெரிய மலை, போனில் எடுத்தால் கடுகாகத் தெரிகிறது." போனின் வழக்கமான லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. தூரத்தில் இருப்பதைச் சின்னதாக்கி, காலடியில் கிடப்பதைப் பெரிதாக்கும். மலை பெரிதாகத் தெரிய வேண்டுமானால் பின்னால் தள்ளிப்போய் ஜூம் லென்ஸை வைக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் காலடியையே படத்தின் நாயகனாக்கிவிடுங்கள். வெடித்த மண், ஆவாரம்பூ, வரப்பு எதுவானாலும் சரி. மலை பின்னால் காவல் நிற்கட்டும்.

பாண்டி நாட்டில் எங்கே திரும்பினாலும் கண்மாய். நிலக்காட்சிப் படக்காரனுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் நீர் வந்து மறுகால் பாயும்போது ஒரு முகம். தையில் நீர் தெளிந்து, காற்றில்லாத விடியலில் கரைப் பனைகள் தலைகீழாய் நிற்கும்போது வேறு முகம். மாசி, பங்குனியில் நீர் சுருங்கச் சுருங்க மீன் ஒரே இடத்தில் சேரும். நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் அங்கே கூடும். கோடையில் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா என்று ஊரே கச்சாவோடு சேற்றில் இறங்கும். வைகாசியில் வெடித்த தரையில் ஆடு மேயும். இவ்வளவும் ஒரே கரையில் நின்றபடியே எடுக்கலாம்.

நீரில் விழும் பிம்பத்துக்குப் பெரிய கண்மாய்கூடத் தேவையில்லை. மழை விட்ட மறுநாள் வண்டிப்பாதையில் தேங்கிய குட்டை போதும். போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் நீருக்கு ஒரு விரல் உயரத்தில் இருக்கும்படி வைத்தால் அந்தக் குட்டைக்குள் முழு மலையும் இறங்கிவிடும். இதைத் தந்திரம் என்று சிலர் இளக்காரமாகச் சொல்கிறார்கள். எங்கே நின்று எடுக்கிறோம் என்பதுதானே படமெடுப்பதில் பாதி வேலை?

கரண்ட் கம்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை அழித்துத் தர இன்று ஆப் இருக்கிறது. எனக்கு அதில் இஷ்டமில்லை. கரிச்சானும் பஞ்சுருட்டானும் பனங்காடையும் உட்காருவது அந்தக் கம்பியில்தான். கம்பியை அழித்தால் பறவை அந்தரத்தில் தொங்கும்.

வெளியே போக முடியாதவர்களுக்குக் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. கருஞ்சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு திரியும் வண்ணத்துப்பூச்சி ஒன்று அதில் முட்டையிடும். புழு முதலில் பறவை எச்சம் போலவே இருக்கும். ஏதோ அழுக்கு என்று நாமே தட்டிவிடுவோம். பிறகு இலைப்பச்சைக்கு மாறும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டை சிறகாகிவிடும். பிராக் நகரத்தில் ஜோசப் சுடெக் என்று ஒருவர் இருந்தார். முதல் உலகப்போரில் வலது கையை இழந்தவர். 1940 முதல் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தன் பணிக்கூடத்து ஜன்னலையே திரும்பத் திரும்பப் படமெடுத்தார்: கண்ணாடியில் பனி, மழைத்துளி, அப்பால் வளைந்த ஒரு மரம். உலகப் புகைப்பட வரலாற்றில் அந்த ஜன்னலுக்கு இடம் உண்டு.

நம்மவர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களைத் தானே ஒட்டுப்போட்டு ஒரு கருவி செய்து, அதற்குச் 'சூப்பர் பாண்டரோஸா' என்று பட்டப்பெயரும் வைத்திருந்தார். அவருடைய புகழ்பெற்ற யானைப் படங்கள் காட்டில் எடுத்தவைதான். ஆனால் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் எழுதிய பத்தியில் காக்கையும் அணிலும் தெருக்கழுதையும் யானைக்குச் சமமாக இடம்பிடித்தன. யானையை அவ்வளவு நன்றாகப் பார்த்த கண் காக்கையிடம் பழகிய கண் என்றே நான் நினைக்கிறேன்.

பக்கத்தில் இருப்பதால் அட்டகாசம் செய்யலாம் என்று அர்த்தமில்லை. சிலந்தி வலையில் ஸ்பிரேயால் தண்ணீர் அடித்து 'மார்கழிப் பனி' என்று போடுகிறார்கள். அது போகட்டும், சிலந்தி பிழைத்துக்கொள்ளும். போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும், கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்கிக் குஞ்சைப் படமெடுப்பதும் அப்படியல்ல. ஒதுக்கிய கிளை வழியே வல்லூறுக்கும் கூடு தெரியும். அந்தப் படத்துக்கு லைக் போடாதீர்கள்.

வீட்டருகே எடுத்த படத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. 2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் பேச்சு எழுந்து, மக்கள் எதிர்ப்பால் நின்றது. அந்த எழுச்சியிலிருந்துதான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த பசுமை நடை என்னும் இயக்கம் தொடங்கியது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டது. அங்கே சுமார் 250 பறவை இனங்கள் உண்டு என்பது அரசின் கணக்கு. அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விடப்பட்ட ஏலத்துக்கு எதிராக ஊர் திரண்டபோது, அரிட்டாபட்டி மலையைப் பார்த்தேயிராதவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தியதில் படங்களுக்கும் பங்குண்டு. ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது. எல்லா ஊர்க் கண்மாய்க்கும் இப்படித் திரளும் மக்கள் வாய்ப்பதில்லை. கரை எங்கே இருந்தது, நீர் எதுவரை நின்றது என்று பின்னொரு நாள் யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு படமாவது வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதற்குள் உங்கள் ஊர்க் கண்மாயை, வறண்டு கிடக்கும் இந்தக் கோலத்திலேயே, ஒரு படம் எடுத்து வையுங்கள். மழைக்குப் பிறகு அதே இடத்தில் நின்று இன்னொன்று. இரண்டிலும் தேதி போட மறக்காதீர்கள்.