அலும்னஸ் என்றால் வளர்ப்புப் பிள்ளை

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "நானும் மந்திர் மார்க் பள்ளி அலும்னி" என்றார். தலைநகரில் இப்படிச் சொல்லாத நம்மவர் குறைவு. லத்தீனில் ஒருவன் என்றால் அலும்னஸ், ஒருத்தி என்றால் அலும்னா, பலர் என்றால் அலும்னி. பெண்கள் மட்டுமே பலர் என்றால் அலும்னை. நண்பர் தன்னை 'மாணவர்கள்' என்று அறிமுகம் செய்துகொண்டார். 'அலும்னிஸ்' என்பாரும் உண்டு, அது 'மாணவர்கள்கள்'!

அன், அள், அர் என்று விகுதி பார்த்துப் பழகிய நமக்கு இது கடினமில்லை. ஆண்களும் பெண்களும் கலந்த கூட்டத்தை லத்தீன் ஆண்பால் பன்மையிலேயே அடக்கிவிடும். நம் பலர்பாலோ இருவருக்கும் பொது. இதில் தமிழே நாகரிகம் என்பது என் கட்சி.

பொருள் என்று வரும்போது நாம் தோற்றுப்போகிறோம். 'முன்னாள் மாணவர்' என்கிறோம், முன்னாள் அமைச்சர் என்பதுபோல. அலும்னஸில் 'முன்னாள்' கிடையாது. 'அலெரே' என்றால் ஊட்டி வளர்த்தல்; அதிலிருந்து வந்த அலும்னஸ், வளர்க்கப்படுபவன். பண்டைய ரோமில் வளர்ப்புப் பிள்ளைக்கு அதுதான் பெயர். பள்ளியை 'அல்மா மாட்டர்', அதாவது ஊட்டும் தாய் என்பதும் அதே வேரில் பிறந்ததே. (இவ்வூரில் அடிக்கடி அடிபடும் 'கோயலிஷன்' என்பதற்கும் இதுவே வேர், சேர்ந்து வளர்தல் என்று பொருள். இதைப் பாராளுமன்றத்தில் போய்ச் சொல்ல எனக்குத் துணிவில்லை.)

தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளை எண்ணிப் பார்க்கிறேன். அரசு வேலைக்காக இங்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 'அ, ஆ' சொல்லிக் கொடுத்த இடங்கள் அவை. அங்கு வளர்ந்து பெரிய பதவிகளுக்குப் போன நாம், ஆண்டுவிழாவில் பொன்னாடை வாங்கிக்கொண்டு, நம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்புகிறோம். பிறரைச் சொல்வானேன்? என் மகளையும் அப்படித்தான் அனுப்பினேன். தமிழ் நன்றாகப் பேசுவாள். ஊரிலிருந்து அவள் பாட்டி எழுதிய கடிதங்களை மட்டும் நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

நன்கொடைச் சீட்டோடு நம் கடன் தீர்ந்துவிடுமா? ஓய்வு பெற்றவர்கள் நம்மில் எத்தனையோ பேர். வாரம் ஒரு மணி நேரம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு கதையை வாய்விட்டுப் படிக்க யாரால் முடியாது? பந்தியில் நண்பரிடம் இதைக் கேட்டேன். "பாயசம் வரட்டும், பேசலாம்" என்றார். பாயசம் வந்தது. சனிக்கிழமை என்றால் சரி என்றிருக்கிறார். நானும் போகிறேன்.